சஹானா எழுதிய திமிங்கில வேட்டை

9 ஜூன் 2025, திங்கள்

பேரன் பிரவின்குமாருக்கு மறைமலைநகர்த் தொழிற்சாலையில் சூப்பர்வைசர் பதவி வந்துவிட்டது. இனி அவன் ஸ்பேனர் பிடிக்க வேண்டாம், பிடிப்பவர்களைப் பார்த்துக்கொண்டால் போதும். பேத்தி ஹரிப்ரியா செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் வருடம். அரசுப் பள்ளியில் படித்து வாங்கிய இடம், ஒருத்தர் வாசலிலும் போய் நிற்கவில்லை. மகள் வயிற்றுப் பேரன் ரோஹித் ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர். போன வாரம் தாம்பரத்தில் சொந்தச் சித்தப்பாவையே பிடித்து அபராதம் போட்டிருக்கிறான். அந்த வீட்டில் இப்போது பேச்சுவார்த்தை இல்லை. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

இதில் பாதி போன வருட டைரியிலும் இருக்கிறது. இருக்கட்டும்.

இன்றைக்கு எழுத உட்கார்ந்தது சஹானாவுக்காக. என் மகன் திருநாவுக்கரசின் நடுப் பிள்ளை. பிரவினுக்கு இளையவள், ஹரிப்ரியாவுக்கு மூத்தவள். ஆங்கிலத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு, செங்கல்பட்டுக்குப் போகும் வழியில் ஐ.டி. கட்டடங்கள் இருக்கும் இடத்தில் வேலைக்குப் போகிறாள். அவர்கள் செய்வது செல்போனில் ஓர் அகராதி. பள்ளிப் பிள்ளைகள் ஆங்கிலச் சொல்லைத் தட்டினால் தமிழில் பொருள் வரும், அதே பொருளில் வேறு சொற்கள் வரும், கடைசியில் ஓர் உதாரண வாக்கியம் வரும். அடியில் பொடி எழுத்தில் ‘எழுதியவர்: தி. சஹானா’. தி. என்றால் திருநாவுக்கரசு. அணுமின் நிலையத்தில் இத்தனை வருடம் வேலை பார்த்தும் அவன் பேர் அச்சில் வந்ததில்லை. மகளால் வருகிறது.

ஒவ்வொருத்தருக்கும் ஓர் எழுத்து கொடுத்திருக்கிறார்கள். இவளுக்கு ‘டபிள்யூ’. எல்லா நல்ல எழுத்தும் வேற யாருக்கோ போயிடுச்சு ஆயா என்று சலித்துக்கொண்டாள். உனக்குப் பின்னால் இன்னும் மூன்று எழுத்து இருக்கிறது, அதை வாங்கினவர்களைப் பார் என்றேன். சிரித்துவிட்டாள்.

ஆகஸ்ட் முதல் தேதி வேலை நிரந்தரம் ஆகும். அதுவரைக்கும் பயிற்சி.

14 ஜூன், சனி

சனிக்கிழமை வீட்டிலிருந்தே வேலை. கம்ப்யூட்டரைச் சமையலறை மேடைமேல் வைத்துக்கொண்டு, நான் கீரை ஆய்கையில் பக்கத்தில் நின்றாள். இன்றைய சொல் ‘வேலிங்’. அதற்கு மூன்று பொருளாம்.

முதலாவது திமிங்கிலத்தைக் கப்பலில் போய்க் கொன்று பிடிப்பது. அது எளிது, திமிங்கில வேட்டை என்று எழுதிவிட்டாள். எங்கெங்கோ குளிர்ந்த தேசங்களில் எண்ணெய்க்காகக் கொல்வார்களாம்.

இரண்டாவது, ஒருவனைப் பலமாக அடிப்பது. இதற்குத் தமிழில் எத்தனை சொல் கிடைக்கும் ஆயா என்று கேட்டாள். சாத்துவது, மொத்துவது, விளாசுவது, வெளுப்பது, பின்னி எடுப்பது, நையப் புடைப்பது, தோலை உரிப்பது என்று சொல்லிக்கொண்டே போனேன். அவள் தட்டிக்கொண்டே வந்தாள். மருமகள் சியாமளா உள்ளே வந்தவள், அத்தைக்கு இதில் இவ்வளவு அனுபவம் என்று இருபத்தெட்டு வருடமாகத் தெரியாதே என்றாள். அவள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. அவளுக்குத் தெரியாத சொல்லா.

மூன்றாவது புதிது. கம்ப்யூட்டரில் பெரிய அதிகாரிகளாகப் பார்த்துத் தூண்டில் போட்டு ஏமாற்றும் மோசடி. சின்ன மீனை விட்டுவிட்டுத் திமிங்கிலத்துக்குக் குறி வைப்பதால் அந்தப் பேர். இந்த மோசடி பற்றி அலுவலகத்தில் வாராவாரம் எச்சரிக்கிறார்கள் என்று திருநாவுக்கரசு சொன்னான். உன்னை எவன் திமிங்கிலம் என்று நினைக்கப் போகிறான் என்று கேட்டாள் சியாமளா.

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் சொன்ன சொற்கள் அகராதியில் ஏறுகின்றன. எழுதியவர் பேர் சஹானாதான். அதுவே சரி.

16 ஜூன்

மீன்பிடித் தடைக்காலம் முடிந்தது. மீன் விலை இறங்கியது.

25 ஜூன், புதன்

காலையில் அந்தச் சொல்லின் பக்கம் அகராதியில் வந்துவிட்டது. என் போனில் சஹானாவே இறக்கிக் கொடுத்துவிட்டு அலுவலகப் பேருந்து ஏறிவிட்டாள். மூன்று பொருளும், நான் சொன்ன சொற்களும், அடியில் அவள் பேரும். இரண்டு முறை படித்தேன். வீட்டில் யாரும் இல்லை. காட்ட ஆள் வேண்டும் இல்லையா. கூடையை எடுத்துக்கொண்டு புதுப்பட்டினம் மார்க்கெட்டுக்குப் போனேன்.

அங்கே மீன் விற்கும் வேண்டாவிடம்தான் நான் எப்போதும் வாங்குவது. அந்த ஊர் மீனவர் குப்பத்துக்காரி. என்னை அக்கா என்பாள். அடுத்த பிள்ளையாவது ஆணாக இருக்கட்டும் என்று அந்தப் பேரை வைத்துவிட்டார்கள். அவளோ மீன் விற்றே வீட்டைத் தூக்கி நிறுத்தியவள். அவளிடம், என் பேத்தி எழுதினதைக் கேள் என்று போனை எட்டப் பிடித்து உரக்கப் படித்தேன். பக்கத்துக் கடைப் பெண்களும் எட்டிப் பார்த்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பொருள் எல்லாம் படித்து, கடைசியில் உதாரண வாக்கியத்தையும் படித்தேன்.

“புதுப்பட்டினம் மீனவர்கள் திமிங்கில வேட்டைக்குப் புறப்பட்டார்கள்.”

படித்து முடித்து நிமிர்ந்தால், வேண்டா சங்கரா மீனை அரிந்துகொண்டிருந்த கையை நிறுத்திவிட்டாள்.

“இன்னாக்கா இது. எங்க ஆளுங்க எப்ப திமிங்கலத்த வேட்டையாடுனாங்கோ?”

அது சும்மா உதாரணத்துக்கு என்றேன்.

“உதாரணத்துக்கு உம் புள்ள ஆபீசுல திருடிகினு வந்தான்னு எழுதட்டுமா? சும்மாதானே.”

பக்கத்துக் கடையில் யாரோ சிரித்தார்கள். வேண்டா சிரிக்கவில்லை. கடலில் திமிங்கிலம் தெரிந்தால் மோட்டாரை நிறுத்திக் கும்பிட்டுவிட்டுத் திரும்புகிற ஜனம் நாங்கள் என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தினாள். திமிங்கிலத்தின் வயிற்றிலிருந்து அம்பர் என்று மெழுகு மாதிரி ஒன்று வருமாம். அதை வைத்திருந்தாலே குற்றம். போன வருடம் எவனோ அதை விற்றான் என்று, ஒன்றும் அறியாத அவள் பிள்ளையைப் பிடித்துப் போய் விசாரணை என்று ஒரு நாள் முழுக்க உட்கார வைத்திருக்கிறார்கள். எனக்கு அது தெரியாது. இத்தனை வருடம் மீன் வாங்குகிறேன், தெரியாது.

“இப்ப போன்லயே எழுதி கீதுன்னா, நாளிக்கி இத்த காட்டியே கேப்பாங்கோ. நாங்க இன்னா பதில் சொல்றது?”

மீனைக் கவரில் போட்டுக் கொடுத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

வரும் வழியெல்லாம் அவள்மேல்தான் கோபம். படிக்காத ஜனம், உதாரணம் என்றால் என்னவென்று தெரியவில்லை என்று. வீட்டுக்கு வந்து மறுபடி அந்த வாக்கியத்தைப் படித்தேன். கோபம் நின்றுவிட்டது.

26 ஜூன்

மார்க்கெட்டுக்குப் போகவில்லை. வாழைக்காய் வறுவல்.

28 ஜூன், சனி

இரண்டு நாள் சொல்லாமல் இருந்தேன். இன்று சொல்லிவிட்டேன். படித்தது நான்தான், ஊரைக் கூட்டிப் படித்ததும் நான்தான் என்பதையும் சேர்த்தே.

சஹானா போனை எடுத்தாள். தன் வாக்கியத்தைத் தானே திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள். உதாரணங்களில் பிள்ளைகளுக்குப் பழக்கமான பக்கத்து ஊர்ப் பேர் வர வேண்டும் என்பது அலுவலக விதி. சக்கரத்துக்கு மறைமலைநகரைப் போட்டாள். கல்யாணத்துக்குத் திருக்கழுக்குன்றத்தைப் போட்டாள். கிணற்றுக்குச் செங்கல்பட்டு. ஒன்றுக்கும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதே வேகத்தில் இதையும் எழுதிவிட்டாள்.

“மொட்டை மாடியில நின்னா குப்பம் தெரியுது ஆயா. கடல் இருக்கு, படகு இருக்கு, எழுதிட்டேன். அங்க ஆளுங்க இருக்காங்கன்னு நினைக்கலை, வெறும் ஊர்ப் பேர்னு நினைச்சேன்.”

என் பேத்தி. தப்பைச் சொல்லும்போதும் சுற்றி வளைக்கவில்லை.

30 ஜூன், திங்கள்

மாற்றிவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தேன். அப்படி இல்லையாம்.

வெளிவந்துவிட்ட பக்கத்தில் எழுதினவரே கை வைத்தால் அது அவர் கணக்கில் பிழையாக ஏறும். சஹானாவுக்கு ஏற்கனவே இரண்டு பிழை இருக்கிறது. மூன்றாவது ஏறினால் ஆகஸ்டில் நிரந்தரம் கிடையாது, பயிற்சி நீளும். அவளுக்கு மேலே இருக்கும் சம்பத் என்பவர் நல்ல மனுஷர்தான். ஒரு மாதம் பொறு, உத்தரவு கைக்கு வந்த பிறகு சத்தமில்லாமல் மாற்றிவிடலாம், குப்பத்திலிருந்து யார் கம்பெனிக்குப் புகார் எழுதப் போகிறார்கள் என்றாராம்.

திருநாவுக்கரசும் பொறு என்கிறான். நானும் பொறு என்றேன். ஒரு மாதம்தானே. ஒரு வாக்கியம்தானே. இத்தனை நாள் உழைத்த உழைப்பை ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும்.

சஹானா சாப்பிட்டுவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டாள்.

5 ஜூலை, சனி

அந்த அகராதி சியாமளாவின் பள்ளிக்கும் வந்துவிட்டது. ஆறாம் வகுப்பில் போர்டில் போட்டுக் காட்டுகிறார்கள். குப்பத்துப் பிள்ளைகளும் அந்த வகுப்பில் இருக்கிறார்கள். ‘வேட்டைக்காரன் வந்துட்டான், திமிங்கலத்த மறைச்சு வைங்கடா’ என்று மற்றதுகள் கத்தினதாம். வகுப்பாசிரியை அடக்கியிருக்கிறார். சியாமளா வந்து அத்தனையும் சொன்னாள்.

ஒரு மாதம் என்பது எனக்குத்தான் சின்னது போலிருக்கிறது.

11 ஜூலை, வெள்ளி

குப்பத்தில் நாட்டார் என்று ஒருவர் உண்டு. ஊர்ப் பஞ்சாயத்துக்குத் தலைவர் அவர்தான். மீன் பிடிக்கும் தகராறிலிருந்து கல்யாணத் தகராறு வரை அவர் முன்னால்தான் தீரும். விஷயம் அவர் காதுக்குப் போயிருக்கிறது. வேண்டாவே வாசலில் வந்து நின்று சொன்னாள், உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

“ஞாயித்துக்கெழம கூட்டம் கீது. கூப்பிட்டு உடல, வர சொல்லியும் சொல்லல. எழுதுன பொண்ணு வந்து ஒரு வார்த்த சொல்லுச்சுன்னா நல்லா இருக்கும்னாரு. அவ்ளோதான்.”

திருநாவுக்கரசுக்கு இது பிடிக்கவில்லை. பொம்பளைப் பிள்ளை பஞ்சாயத்தில் போய் நிற்பதா, நான் போய்ப் பேசிவிட்டு வருகிறேன் என்றான். எழுதினது நீயாப்பா என்று கேட்டாள் சஹானா. அவன் பேப்பரை விரித்துக்கொண்டான்.

13 ஜூலை, ஞாயிறு

இதை நிதானமாக எழுத வேண்டும்.

அவள் தனியாகத்தான் போவதாக இருந்தாள். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்துவிட்டேன். கோயில் பந்தலில் ஆண்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் ஓரத்தில். வேண்டா அங்கே இருந்தாள், அவள் வீட்டுக்காரர் ஆண்கள் பக்கம் தூணில் சாய்ந்திருந்தார். எங்களுக்கு இரண்டு நாற்காலி போட்டார்கள். சஹானா உட்காரவில்லை. அதனால் நானும் உட்காரவில்லை, முட்டி வலித்தாலும்.

நாட்டார் வயசானவர் இல்லை, பிரவினைவிடப் பத்து வயசு கூட இருக்கும். கையில் அவர் போனே இருந்தது. பக்கம் திறந்திருந்தது.

“இது நீ எழுதனதாம்மா?”

“நான்தான்.”

“யாராவது சொல்லி எழுதுனியா?”

“யாரும் சொல்லலை. உங்களைக் கேட்காம எழுதிட்டேன். தப்புதான்.”

எல்லாரும் இன்னும் பெரிய சண்டைக்குத் தயாராக வந்திருந்தார்கள் போலிருக்கிறது. ஒரு கிழவர், வேட்டையாட எங்கிட்ட ஈட்டி இல்ல, ரேஷன் அரிசிதான் கீது என்றார். அதற்குச் சிரிப்பு. சஹானாவும் சிரித்துவிட்டாள். நல்லவேளை.

அப்புறம் அவள் கேட்டாள், நிஜமாகத் திமிங்கிலம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று. ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். ஓங்கல் கூட்டம் போனால் விசில் அடிப்பார்களாம். ஓங்கல் என்றால் டால்பின். திமிங்கிலம் தெரிந்தால் மோட்டாரை அணைத்துவிட்டு அது போகிறவரை சத்தம் போடாமல் கும்பிட்டு நிற்பார்களாம். பல வருடத்துக்கு முன்னால் ஒன்று செத்துக் கரை ஒதுங்கியதாம். அதிகாரிகள் வருவதற்குள் பெண்கள் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் குங்குமம் வைத்திருக்கிறார்கள். வேண்டா ஒரு புதுப் புடவையைக் கொண்டுபோய்ப் போர்த்தியிருக்கிறாள். அது அந்த உடம்பின்மேல் ரிப்பன் மாதிரிக் கிடந்தது என்று அவள் வீட்டுக்காரர் சொன்னார். தீபாவளிக்கு எடுத்தது, எனக்குக் கட்டிக்கக் குடுத்து வைக்கல என்றாள் வேண்டா, பெண்கள் பக்கத்திலிருந்து.

சஹானா கேட்டுக்கொண்டே இருந்தாள். எழுதவில்லை, கேட்டாள்.

கடைசியில் நாட்டார் விஷயத்துக்கு வந்தார். “எப்பம்மா மாத்துவ?”

இதுதான் இடம். ஆகஸ்டில் என்று சொல்லலாம். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது, சரி என்றிருப்பார்கள். என் வாயில் அந்த வார்த்தை வந்தே விட்டது. ‘அவளுக்கு வேலை நிரந்தரம் ஆகட்டும் அப்பா, ஒரு இருபது நாள்’ என்று சொல்லக் கையைத் தூக்கினேன். சஹானா என் கையைப் பிடித்து இறக்கினாள். பிடித்தபடியே சொன்னாள்.

“நாளைக்கே மாத்திடறேன்.”

அதனால் தனக்கு என்ன ஆகும் என்பதை அவர்களிடம் சொல்லவில்லை. ஒரு வார்த்தை கூட. நாட்டார் தலையை ஆட்டினார், டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னார். அவ்வளவுதான் கூட்டம்.

வரும்போது கேட்டேன், ஏண்டி சொல்லல, அவங்க இரக்கப்பட்டிருப்பாங்களே. அதுக்குத்தான் சொல்லல ஆயா என்றாள். அவங்க பாவம் பார்த்துப் பொறுத்துக்கணும்னு நான் கேட்டா, தப்பு பண்ணினவ நான், செலவு அவங்களுதா?

இந்தக் குடும்பத்தில் டாக்டர் வரப்போகிறாள். சூப்பர்வைசர் இருக்கிறான். ரயில்வேக்காரன் இருக்கிறான். இதை எந்தப் பட்டியலில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. எழுதிவிட்டேன், இங்கே.

14 ஜூலை

காலையில் முதல் வேலையாக மாற்றிவிட்டாள். மூன்றாவது பிழை ஏறிவிட்டது.

புது வாக்கியம்: “புதுப்பட்டினத்தில் திமிங்கில வேட்டை கிடையாது, திமிங்கிலம் தெரிந்தால் மீனவர்கள் படகை நிறுத்திக் கும்பிடுவார்கள்.” உதாரணத்தில் ‘கிடையாது’ என்று வந்தால் எப்படி, நடக்கிற காரியத்தை அல்லவா சொல்ல வேண்டும் என்று சம்பத் கேட்டாராம். அரை மணி வாதம். பிறகு, போ, இதிலும் பொருள் விளங்கத்தான் செய்கிறது என்று விட்டுவிட்டாராம்.

மத்தியானம் சியாமளா அந்த ஆறாம் வகுப்பில் அதைப் படிக்க வைத்தாளாம். ஒரு குப்பத்துச் சிறுமி எழுந்து நின்று, எங்கள் பெரியப்பா பார்த்திருக்கிறார் என்று நீளமாகக் கதை சொன்னாளாம். பாடம் நடக்கவில்லை.

1 ஆகஸ்ட், வெள்ளி

மற்ற எழுத்துக்காரர்களுக்கு உத்தரவு வந்தது. சஹானாவுக்கு நவம்பர் வரை பயிற்சி நீட்டிப்பு.

வந்து சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாள். தண்ணீர் வெகு நேரம் ஓடியது. தெரிந்தே செய்தாள், ஆனாலும் வலிக்காமல் இருக்குமா. திருநாவுக்கரசு கோபப்படுவான் என்று பார்த்தேன். அவன் கடைக்குப் போய் அவளுக்குப் பிடித்த பாதாம் பால் வாங்கி வந்து மேசைமேல் வைத்துவிட்டு டிவி போட்டான்.

எனக்கு அழுகை வந்துச்சு. அடக்கிக்கிட்டேன். அழுதா அவ தப்பு பண்ணிட்டான்னு ஆயிடும் இல்ல?

3 ஆகஸ்ட், ஞாயிறு, ஆடிப்பெருக்கு

சித்திரான்னம் கொடுக்க மாடி வீட்டுக்குப் போனேன். சுந்தரவல்லி அம்மாள், தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பேரன் ஜெயந்த் அமெரிக்காவில். தட்டை வாங்கிக்கொண்டு, பேத்திக்கு நிரந்தரம் ஆகவில்லையாமே, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கவனம் போதாது என்றார்.

நான் சொன்னேன். கவனம் போதாமல் எழுதியது ஒரு நாள், கவனித்துத் திருத்தியது ஒரு நாள், இரண்டாவது நாளுக்குத்தான் தண்டனை கிடைத்திருக்கிறது. அந்த மாதிரித் தண்டனை எங்கள் வீட்டில் முதல் முறை, அதனால் சர்க்கரைப் பொங்கலும் சேர்த்துச் செய்தேன், சாப்பிடுங்கள் என்றேன்.

படி இறங்கும்போது முட்டி வலி தெரியவில்லை.

20 ஆகஸ்ட், புதன்

வேண்டா கதவைத் தட்டினாள். இந்த முறை உள்ளே வந்தாள், தரையில் உட்கார்ந்தாள். பஸ் நிறுத்தத்தில் சியாமளா வாய் தவறிச் சொல்லியிருக்கிறாள், நிரந்தரம் போன கதையை.

“ஏங்க்கா, நீயாச்சும் சொல்லிருக்கலாம்ல. நாங்க இன்னா கல்லா? ஒரு மாசம் பொறுத்திருக்க மாட்டோமா?”

சொல்ல வாயெடுத்தேன், சஹானாதான் என் கையை அமுக்கிவிட்டாள் என்றேன்.

வேண்டா கொஞ்ச நேரம் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தாள். நாட்டாரிடம் சொல்லி, ஊர் சார்பில் கம்பெனிக்குக் கடிதம் போடச் சொல்லட்டுமா என்றாள். சாயங்காலம் சஹானா வந்ததும் அவளையே கேட்டாள். சஹானா வேண்டாம் என்றுவிட்டாள். சிபாரிசில் வாங்கினால் அடுத்த பிழையை எப்படித் திருத்துவது என்றாள்.

“உன்ன மாதிரியே கீறா,” என்றாள் வேண்டா என்னிடம். “மூக்கு ஒசரம், அம்மாந் திமிரு.”

வாழ்க்கையில் என்னை எத்தனையோ பேர் திட்டியிருக்கிறார்கள். இப்படிச் சந்தோஷமாகத் திட்டு வாங்கியதில்லை.

2 செப்டம்பர்

‘டபிள்யூ’ முடிந்தது. ‘எக்ஸ்’ஸையும் இவளிடம் கொடுத்திருக்கிறார்கள். அதில் சொல்லே இல்லையாம்.

14 செப்டம்பர், ஞாயிறு

விடிந்து கொஞ்ச நேரத்தில் சஹானாவின் போன் அடித்தது. வேண்டாவின் வீட்டுக்காரர், கடலிலிருந்து. தெற்கே ஒன்று மேலே வந்து மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது, கரைக்கு வாம்மா, வந்து ஏத்திக்கிறேன் என்று. இவள் பல் கூடத் துலக்கவில்லை. துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடினாள். திருநாவுக்கரசு, நீச்சல் தெரியாதே என்று வாசல்வரை கத்திக்கொண்டே போனான். லைஃப் ஜாக்கெட் கீதுப்பா என்று தெருவிலிருந்து பதில் வந்தது. குப்பத்துப் பேச்சு ஒட்டிக்கொண்டது அவளுக்கு.

நானும் அவனும் மணலில் போய் நின்றோம். கரையில் வேண்டா இருந்தாள். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் தூரத்தில் ஒரு படகு. அதன் சத்தம் நின்றது மட்டும் கேட்டது. அப்புறம் வெகு நேரம் ஒன்றுமில்லை. வேண்டா கும்பிட்டாள். அங்கே எதைப் பார்த்து என்று தெரியாமலேயே நானும் கும்பிட்டேன். திருநாவுக்கரசு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவனும்.

படகு கரை ஏறியபோது சஹானா தொப்பலாக நனைந்திருந்தாள். இரண்டு முறை வாந்தி எடுத்தாளாம். வாய் நிறையச் சிரிப்பு. எவ்வளவு பெரியது என்றதற்குக் கைகளை விரித்தாள், போதவில்லை, விட்டுவிட்டாள். அது ஒரு தடவை புரண்டதாம், மூச்சு விட்டபோது மீன் நாற்றமும் தண்ணீரும் இவள் முகத்திலேயே வந்து அடித்ததாம். யாரும் பேசவில்லையாம். பேச ஒன்றும் இல்லை ஆயா என்றாள். சொல் எழுதிப் பிழைக்கிறவள் சொல்கிறாள் இதை.

வீட்டுக்கு வந்ததும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் படம் போட்டாள். நான் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். கடல். நடுவில் கவிழ்த்த படகு மாதிரிக் கறுப்பாய் ஒரு முதுகு. அவ்வளவுதான். பிரவின் ஆச்சரியக் குறியாக அனுப்புகிறான், ஹரிப்ரியா ஹாஸ்டலிலிருந்து அடுத்த முறை என்னையும் கூட்டிப் போ என்கிறாள், ரோஹித், திமிங்கிலத்திடம் டிக்கெட் இருந்ததா என்று கேட்கிறான்.

எல்லாம் சரி. படத்தில் அவள் எங்கே?

இருக்கிறதாம். வேண்டாவின் வீட்டுக்காரர் எடுத்திருக்கிறார். படகின் ஓரத்தில் இவள் கைகூப்பி நிற்க, பின்னால் அந்த முதுகு. பிடுங்கிப் பார்த்தேன். தலை கலைந்து, முகமெல்லாம் உப்பு, கண் மட்டும் அப்படி ஒரு வெளிச்சம். இதை ஏன் போடவில்லை என்றால், பேய் மாதிரி இருக்கேன் ஆயா, ஆபீஸ்ல பார்ப்பாங்க என்கிறாள்.

பார்க்கட்டும். நவம்பரில் உத்தரவு தர வேண்டியவர்கள் முதலில் பார்க்கட்டும். மாடி வீட்டு அம்மாள் பார்க்கட்டும், அமெரிக்காவுக்கும் அனுப்பட்டும். வெறும் திமிங்கிலத்தை எவனும் எடுத்துப் போடுவான். என் பேத்தியோடு அது இருக்கும் படம் உலகத்தில் இந்த ஒன்றுதான். தலை வார வேண்டாம், ஒன்றும் வேண்டாம். முதலில் போட்டதை எடுத்துவிட்டு இதைப் போடும்மா சஹானா. ராத்திரி ஆனாலும் நான் விழித்துக்கொண்டுதான் இருக்கிறேன், போன் என் பக்கத்திலேயே இருக்கிறது.